முதுகுத்தண்டில் தங்கிய எண்ணெய்

முதுகுத்தண்டில் அறுவை செய்தும் வலி தீராமல் போனவர்களைப் பற்றி மருத்துவம் தொண்ணூறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவருகிறது. அந்தக் கணக்கில் பழி சுமந்தவை பல: அறுவை மருத்துவரின் கை, மறுபடியும் பிதுங்கிய டிஸ்க், புண் ஆறிய இடத்துத் தழும்பு, நோயாளியின் மனச்சோர்வு, இழப்பீட்டுப் பணத்தின் மேல் அவருக்கு இருந்ததாகச் சொல்லப்பட்ட ஆசை. அறுவைக்கு முன் எடுத்த படம் மட்டும் வெகுகாலம் அந்தப் பட்டியலில் சேரவில்லை. படம் உள்ளதைக் காட்டும், அதற்குமேல் எதையும் செய்யாது என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக இருந்தது. முதுகுத்தண்டைப் படமெடுத்த வரலாற்றை ஊன்றிப் படித்தால் அந்த நம்பிக்கை நிற்பதில்லை. படமெடுப்பது சிகிச்சைக்கு வெளியே நின்று பார்க்கும் செயலாக இருக்கவில்லை. அது உடலுக்குள் புகுந்திருக்கிறது, அங்கேயே தங்கியிருக்கிறது, கத்தி எங்கே இறங்க வேண்டும் என்றும் தீர்மானித்திருக்கிறது. அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களை எண்ணும்போது படத்தையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும் என்பது என் வாதம்.

1895இல் ராண்ட்கன் கண்டுபிடித்த எக்ஸ்ரே எலும்பைக் காட்டியது. எலும்புக் குழாய்க்குள் இருக்கும் தண்டுவடமும் நரம்பு வேர்களும் டிஸ்க்கும் அதில் தெரியவில்லை. கட்டி எங்கே அழுத்துகிறது என்று அறிய மருத்துவர்களுக்கு இருந்த வழி, எந்தத் தசை சோர்ந்திருக்கிறது, எந்தத் தோல் பகுதி மரத்திருக்கிறது என்று பார்த்து இடத்தைக் கணிப்பதுதான். அந்தக் கணிப்பில் தேர்ந்தவர்களும் பல சமயம் இரண்டு மூன்று முள்ளெலும்புகள் தள்ளித் திறந்துவிடுவார்கள். உள்ளிடத்தைப் புலப்படுத்த வேண்டுமானால் எக்ஸ்ரேயில் வேறுபட்டுத் தெரியும் ஏதாவது ஒன்றை அங்கே செலுத்த வேண்டும். வால்டர் டாண்டி அமெரிக்காவில் மூளை அறைகளுக்குள் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். 1921இல் ஸ்டாக்ஹோமில் யாக்கோபேயஸ் அதே முறையைத் தண்டுவடத்துக்குக் கொண்டுவந்தார். காற்றுப் படம் மங்கலாக இருந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் பாரிஸில் ழான் அத்தனாஸ் சிக்காரும் ழாக் ஃபோரெஸ்தியேவும் லிப்பியோடால் என்ற மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அது கசகசா எண்ணெயில் அயோடின் ஏற்றியது. மார்செல் கெர்பே 1901இல் உருவாக்கியது. சிக்கார் அதை முதலில் இடுப்புவலிக்கு மருந்தாக, தண்டுவட உறைக்கு வெளியேதான் செலுத்திவந்தார். ஒருமுறை ஊசி தவறி உறைக்குள் போய்விட்டது என்றும், எண்ணெய் தண்டுவட நீரில் இறங்கிப்போவது எக்ஸ்ரேயில் தெரிந்தது என்றும் சொல்வார்கள். எண்ணெய் எங்கே தடைபட்டு நிற்கிறதோ அங்கேதான் அழுத்தம். மைலோகிராம் என்ற பரிசோதனை இப்படி வந்தது.

இந்தப் பரிசோதனை அரிதான கட்டிகளுக்கு மட்டும் பயன்பட்டிருந்தால் நம் கதை சிறியதாக முடிந்திருக்கும். 1934இல் அது மாறியது. பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் பணியாற்றிய நரம்பு அறுவை மருத்துவர் வில்லியம் ஜேசன் மிக்ஸ்டரும் எலும்பு மருத்துவர் ஜோசஃப் பாரும், அதுவரை குருத்தெலும்புக் கட்டி என்று எண்ணி அகற்றப்பட்டவற்றில் பல உண்மையில் பிதுங்கிய டிஸ்க்கின் துண்டுகளே என்று அந்த ஆண்டு எழுதினார்கள். காலில் இறங்கும் சயாட்டிகா வலிக்கு அறுவையால் நீக்கக்கூடிய காரணம் ஒன்று கிடைத்துவிட்டது. கட்டி அரிதாக ஒருவருக்கு வருவது. இடுப்புவலியோ உழைக்கும் மனிதரில் பெரும்பாலோருக்கு ஒருமுறையாவது வருவது. டிஸ்க் அறுவை பெருகப் பெருக மைலோகிராமும் பெருகியது. லிப்பியோடால் பிசுபிசுப்பானது, உறையைப் புண்படுத்தக்கூடியது, எளிதில் வெளியே எடுக்க முடியாதது என்பது அப்போதே தெரிந்திருந்தது. செலுத்திய எண்ணெயை இடுப்பு ஊசி வழியாகத் திரும்ப உறிஞ்சும் முறையைக் குபிக்கும் ஹாம்ப்டனும் 1941இல் விவரித்தார்கள். எடுத்துவிடுவதே நல்லது என்ற கவலை அவ்வளவு பழையது. இதற்கிடையில் சில இடங்களில் தோரோட்ராஸ்ட் என்ற தோரியக் கரைசலையும் தண்டுவடத்துக்குள் செலுத்திப் பார்த்தார்கள். கதிரியக்கம் உள்ள அந்தப் பொருள் உடலைவிட்டு வாழ்நாள் முழுக்க வெளியேறாது. நரம்பு வேர்களை இறுக்கிப் பிணைத்தும், இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தப்பட்டவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் புற்றைத் தந்தும் அது மருத்துவ வரலாற்றின் கறைகளில் ஒன்றானது.

லிப்பியோடாலுக்கு மாற்றாக 1940களின் முற்பகுதியில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவானது ஐயோஃபெண்டிலேட். அமெரிக்காவில் அதன் விற்பனைப் பெயர் பேன்டோபேக். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கிளாக்ஸோ நிறுவனம் மயோடில் என்ற பெயரில் விற்றது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949இலும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950இலும் நரம்பு அறுவைத் துறைகளைத் தொடங்கியபோது உலகெங்கும் மைலோகிராம் என்றால் இந்த எண்ணெய்தான். இந்தியாவிலும் மயோடில் என்ற பெயரே புழங்கியது. இடுப்பில் ஊசி ஏற்றி, சில மில்லிலிட்டர் எண்ணெயைச் செலுத்தி, நோயாளியைச் சாயும் மேசையில் படுக்கவைத்துத் தலைப்பக்கமும் கால்பக்கமும் மாறிமாறிச் சாய்ப்பார்கள். தண்டுவட நீரைவிடக் கனமான அந்த எண்ணெய் சாய்ந்த பக்கம் நகரும். திரையில் அதன் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே படமெடுப்பார்கள். லிப்பியோடாலைவிட இது இளகியது, ஆகவே திரும்ப உறிஞ்சிவிடலாம் என்பதுதான் இதன் பெருமை. அமெரிக்காவில் முடிந்தவரை உறிஞ்சினார்கள். பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றிய இடங்களில் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள். உறிஞ்சுவது நோயாளிக்கு வலி தருவது, மருத்துவருக்கு நேரம் தின்பது. விட்டால் ஆண்டுக்கு ஒரு மில்லிலிட்டர் அளவில் தானாகக் கரையும் என்று கணக்கிட்டார்கள். நரம்பைத் தொட்டுக்கொண்டு ஒரு வேதிப்பொருள் ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகிறது என்பதே அந்தக் கணக்குக்குப் பொருள். அந்தக் கணக்கை எழுதியவர்கள் அது எழுப்பும் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை என்பதுதான் இன்று படிக்கும்போது உறுத்துகிறது.

தண்டுவடத்தைச் சுற்றியுள்ள மூன்று உறைகளில் நடுவில் இருப்பது அரக்னாய்டு. அதில் அழற்சி வந்து ஆறும்போது, நீரில் தனித்தனியாக மிதந்துகொண்டிருந்த நரம்பு வேர்கள் ஒன்றோடொன்றும் உறையின் சுவரோடும் ஒட்டிக்கொள்ளலாம். மருத்துவத்தில் இதற்கு ஒட்டு அரக்னாய்டிடிஸ் என்று பெயர். கால்கள் எரியும், நடை தளரும், சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் நிற்காமல் போகலாம். எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வரும். பழி திசைமாறியதற்கு அந்தத் தாமதம்தான் காரணம் என்று நினைக்கிறேன். மைலோகிராம் எடுத்துக்கொண்டவர்களில் பலர் சில நாட்களிலேயே அறுவைக்குப் போனார்கள். பிறகு வலி நீடித்தபோது நோயாளியும் மருத்துவரும் திரும்பிப் பார்த்த பெரிய நிகழ்ச்சி அறுவைதான். கத்தி தழும்பை விட்டுச் சென்றது எல்லோருக்கும் தெரியும். ஊசி விட்டுச் சென்றதை எண்ணிப் பார்த்தவர் குறைவு. வலி ஏன் நீடிக்கிறது என்று அறிய அடுத்து என்ன செய்தார்கள்? இன்னொரு மைலோகிராம் எடுத்தார்கள். சந்தேகத்துக்குரிய பொருளையே விசாரணைக் கருவியாக மறுபடி உள்ளே அனுப்பிய இந்த நடைமுறை உலகின் சிறந்த மருத்துவமனைகளிலேயே பல பத்தாண்டுகள் நடந்தது.

அன்று யாருக்கும் தெரியாது, இன்றைய அறிவை வைத்து அன்றையவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை என்று ஒரு மறுப்பு எழும். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆதாரம் வேறு விதமாகச் சொல்கிறது. இந்த எண்ணெய்க்குப் பின் நெடுநாள் கழித்து வந்த உறை அழற்சியால் ஒரு நோயாளி இறந்ததை எரிக்சனும் வான் பாரெனும் 1953இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே எழுதினார்கள். அது மூலையில் கிடந்த இதழ் அல்ல. 1966இல் ஹௌலண்டும் கரியும் விலங்குகளில் சோதித்து, எண்ணெயோடு இரத்தமும் கலந்தால் அழற்சி மிகக் கடுமையாகிறது என்று காட்டினார்கள். ஊசி குத்தும்போது கசியும் இரத்தமும், அடுத்த சில நாளில் நடக்கும் அறுவையின் இரத்தமும் எங்கே போகும் என்று எண்ணிப் பார்த்தால் அந்தச் சோதனையின் முக்கியத்துவம் விளங்கும். மாற்று வழியும் இருந்தது. எண்ணெயை நம்பாத ஸ்வீடனில் வாயு மைலோகிராமைச் செம்மைப்படுத்தி வைத்திருந்தார்கள். 1931இலேயே ஆர்னெலும் லிட்ஸ்ட்ரோமும் நீரில் கரையும் அப்ரோடிலைப் பயன்படுத்தினார்கள். அப்ரோடில் நரம்பை எரிச்சலூட்டியதால் முதுகில் மயக்க ஊசி போட்டுத்தான் செலுத்த முடிந்தது, அதற்கும் தனிச் சிக்கல்கள் உண்டு. மருத்துவர்கள் எல்லோரும் கண்மூடி இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எச்சரிக்கை அச்சில் இருந்தது, வேறு வழியில் நடந்த நாடும் இருந்தது. இரண்டும் வழக்கத்தை மாற்றப் போதவில்லை என்கிறேன்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அரக்னாய்டிடிஸ் எண்ணெயால் மட்டும் வருவதில்லை. காசநோய் தண்டுவட உறைகளைத் தாக்கி நரம்பு வேர்களைப் பிணைப்பதை மும்பையின் நோஷிர் வாடியாவும் டாராப் தஸ்தூரும் 1969இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டில் இந்த நோய்க்கு அதுவே பெரிய காரணம். சீழ்த் தொற்று, இரத்தக் கசிவு, உறையைக் கிழித்துவிட்ட அறுவை எல்லாமே இதைக் கொண்டுவரலாம். மயோடில் செலுத்தப்பட்ட பெரும்பாலோருக்குக் குறிப்பிடும்படி எதுவும் வரவில்லை என்பதும் உண்மை. அந்தப் பரிசோதனை இல்லாதிருந்தால் தண்டுவடக் கட்டியால் கால் செயலிழக்கவிருந்த எத்தனையோ பேர் காப்பாற்றப்பட்டிருக்க மாட்டார்கள். இவ்வளவையும் ஏற்கிறேன். ஆனால் காரணங்கள் பல என்பது ஒரு காரணத்தை விடுவிக்காது. ஹௌலண்டும் கரியும் காட்டியதே காரணங்கள் சேரும்போது கேடு பெருகுகிறது என்பதுதான். கட்டியால் கால் விழப்போகிறவருக்கு ஏற்கத்தக்க அபாயம், சில வாரம் ஓய்ந்தால் தணியக்கூடிய சயாட்டிகாக்காரருக்கும் ஏற்கத்தக்கதா என்பது தனிக் கேள்வி. பரிசோதனை வெறும் பார்வை என்று கருதப்பட்டதால் அந்த இருவருக்கும் ஒரே ஊசி போடப்பட்டது.

கணக்கு திருந்தத் தொடங்கியது 1970களின் கடைசியில். மினியாபொலிஸ் நகர நரம்பு அறுவை மருத்துவர் சார்ல்ஸ் பர்ட்டன், எலும்பு மருத்துவர் கர்க்கால்டி வில்லிஸ் முதலானோருடன் சேர்ந்து, இடுப்பு அறுவை ஏன் தோற்றது என்று 1981இல் ஒரு பகுப்பாய்வு வெளியிட்டார். ஹௌன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சிடி ஸ்கேனர் 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் புறநகர் விம்பிள்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்திருந்தது. பத்தாண்டுக்குள் அது முதுகுக்கும் வந்துவிட்டது. மைலோகிராமில் எண்ணெய் எட்டாத பக்கவாட்டு வழிகளை, நரம்பு வேர் வெளியேறும் குறுகிய எலும்புத் துளைகளை, சிடி குறுக்குவெட்டாகக் காட்டியது. தோற்ற அறுவைகளில் 57 முதல் 58 சதவீதத்துக்கு அந்தப் பக்கவாட்டு நெரிசலைக் காணாமல் விட்டதே காரணம் என்று பர்ட்டன் குழு கண்டது. அரக்னாய்டிடிஸின் பங்கு 6 முதல் 16 சதவீதம். அந்த இரு எண்களும் எனக்கு ஒரே செய்தியைச் சொல்கின்றன. முன்னதில் படம் காட்டாததை மருத்துவர் தேடவில்லை. பின்னதில் படமெடுக்கச் செலுத்திய பொருளும் உடலைக் கெடுத்தவற்றுள் ஒன்று. மருத்துவரின் கைத்திறன் குறைவு என்று எழுதப்பட்டிருந்தவற்றில் கணிசமான பங்கு படத்தின் பக்கம் மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

எண்ணெய்க்கு முடிவு கட்டியவர் ஸ்வீடனின் மால்மோ நகர எக்ஸ்ரே மருத்துவர் டோர்ஸ்டன் ஆல்மேன். கடலில் நீந்தும்போது கண் எரிகிறது, உப்புக் குறைந்த பால்டிக் நீரில் எரிவதில்லை என்பதை வைத்து, மருந்தின் சவ்வூடு அழுத்தம் உடல் திரவத்தின் சவ்வூடு அழுத்தத்தை ஒத்திருந்தால் திசு புண்படாது என்று அவர் ஊகித்ததாகச் சொல்வார்கள். அவர் யோசனையை நார்வேயின் நியூகார்ட் நிறுவனம் ஏற்று, நீரில் கரையும் படமருந்தான மெட்ரிசமைடை உருவாக்கியது. 1980களில் அதே வகையில் ஐயோஹெக்சால் வந்தது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் மயோடில் சந்தையை விட்டுப் போனது. 1995இல் பிரிட்டனில் வழக்குத் தொடுத்த 425 பேருக்கு, தவறை ஒப்புக்கொள்ளாமலே, கிளாக்ஸோ 70 லட்சம் பவுண்டு கொடுத்து முடித்துக்கொண்டது. தலைக்கு ஏறக்குறைய 16,500 பவுண்டு. நடக்க முடியாமல் போனவருக்கு அது எந்தக் கணக்கிலும் போதாது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று இந்த நோயாளிகளின் நிலையைக் கேட்டு அறிக்கை தந்தது 2013இல்தான்.

எம்ஆர்ஐ வந்ததும் இந்த அத்தியாயம் முடிந்துவிட்டது, இனிப் படம் யாரையும் புண்படுத்தாது என்று பலரும் நம்பினார்கள். அதன் சாதனையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அறுவைக்குப் பின் கால்வலி திரும்பினால் காரணம் மறுபடி பிதுங்கிய டிஸ்க்கா, தழும்பா என்று பிரித்தறிவது மைலோகிராமால் முடியாதது. கடோலினியம் கலந்த மருந்தை இரத்தக் குழாயில் செலுத்தி உடனே படமெடுத்தால், இரத்த ஓட்டமுள்ள தழும்பு ஒளிரும், டிஸ்க் துண்டு ஒளிராது என்று 1988இல் கிளீவ்லாந்து கிளினிக் குழு காட்டியது. தழும்பை டிஸ்க் என்று நினைத்து மீண்டும் திறந்து, இன்னும் பெரிய தழும்பை உண்டாக்கிய அறுவைகள் அதனால் குறைந்திருக்கும். ஒட்டிக் கட்டியான நரம்பு வேர்களையும், சுவரோடு ஒட்டி நடுவில் வெறுமையாகத் தெரியும் உறையையும் வகைப்படுத்தி, அரக்னாய்டிடிஸையே ஊசியின்றிக் கண்டறிய வைத்ததும் எம்ஆர்ஐதான். தங்கள் நோய் கற்பனையென்று சொல்லக் கேட்டுச் சலித்திருந்தவர்களுக்கு அந்தப் படம் எவ்வளவு பெரிய ஆதரவாக இருந்திருக்கும்!

ஆனால் படத்தின் இன்னொரு வேலை, கத்திக்கு வழி சொல்வது, இப்போதுதான் முழு வேகம் பெற்றது. முதுகுவலி இல்லாதவர்களின் படத்திலும் கோளாறு தெரியும் என்பது பழைய செய்தி. காது நரம்புக் கட்டிக்காக மைலோகிராம் எடுத்த 300 பேரில், முதுகில் எந்தத் தொந்தரவும் இல்லாதபோதும் 37 சதவீதத்தினருக்குத் தண்டுவடப் படம் மாறுபட்டிருந்ததாக 1968இலேயே ஹிட்ஸல்பெர்கரும் விட்டனும் எழுதினார்கள். 1994இல் வலியற்ற 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தபோது 52 சதவீதத்தினருக்கு ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. நெதர்லாந்தில் சயாட்டிகா வந்த 283 பேரை, அறுவை செய்துகொண்டவர்களையும் செய்யாதவர்களையும் சேர்த்து, ஓராண்டு கழித்துப் படமெடுத்துப் பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவு: குணமடைந்தவர்களில் 35 சதவீதத்தினரிடம் டிஸ்க் பிதுக்கம் இன்னும் தெரிந்தது, குணமடையாதவர்களில் 33 சதவீதத்தினரிடம். படத்தைக் கையில் கொடுத்து, இவர் நடமாடுகிறாரா படுத்திருக்கிறாரா என்று கேட்டால் சொல்ல முடியாது. தழும்பு மிகுதியாக உள்ளவர்களுக்கு வலி திரும்பும் வாய்ப்பு 3.2 மடங்கு அதிகம் என்று 1996இல் ராஸ் குழு காட்டியதும் உண்டு; அதை மறைக்க மாட்டேன். ஆனால் கூட்டத்துக்குப் பொருந்தும் வாய்ப்பு ஒருவரின் வலிக்குக் காரணமாகிவிடாது, தழும்பை வெட்டியெடுத்தால் அங்கே மீண்டும் வளர்வது தழும்பே. அமெரிக்காவில் முதுகுவலியோடு வந்த 380 பேரில் பாதிப்பேருக்கு எக்ஸ்ரே, பாதிப்பேருக்கு விரைவு எம்ஆர்ஐ என்று பிரித்துப் பார்த்த ஜார்விக்கின் 2003 ஆய்வில் இரு தரப்பின் நலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. எம்ஆர்ஐ தரப்பில் அறுவைக்குப் போனவர்கள் 10 பேர், எக்ஸ்ரே தரப்பில் 4 பேர். எண்ணிக்கை சிறியது, அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. என்றாலும் அது நீளும் திசை பழக்கமானது.

கடோலினியத்தின் கதையிலும் பழைய வரிசை தெரிகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அந்த மருந்துக்குப் பின் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய் வருவதை 2006இல் ஆஸ்திரியாவில் கவனித்தார்கள். மருந்து புழக்கத்துக்கு வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. அதன் துகள் மூளையில் தங்குவதற்கான தடயத்தை 2014இல் ஜப்பானியர் காட்டினார்கள். தங்கியதால் நரம்புக்குக் கேடு என்று நிறுவப்படவில்லை, அப்படி அச்சுறுத்துவதும் தவறு. 2017இல் ஐரோப்பிய மருந்து ஆணையம் எளிதில் சிதையும் வகைகள் பலவற்றை நிறுத்தியது. மயோடிலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்ததை ஒப்பிட்டால் இந்த முறை விழிப்பு முன்னதாகவே வந்திருக்கிறது. படமருந்தும் மருந்துதான் என்ற புரிதல் அந்த நோயாளிகள் கொடுத்த விலைக்குக் கிடைத்தது.

அப்படியானால் அறுவைக்குப் பின் ஸ்கேனே வேண்டாமா என்று கேட்பவருக்கு, உடனே வேண்டிய தருணங்கள் உண்டு என்பேன். அறுவை முடிந்த சில மணி நேரத்தில் கால் தளர்ந்தால், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துச் சிறுநீர் அடைத்தால், அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். எம்ஆர்ஐ எடுக்கத் தாமதிப்பது கால்களை இழப்பது. காய்ச்சலும் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் முதுகுவலியும் வந்தால் தொற்றைத் தேடியாக வேண்டும். பொருத்திய திருகு முள்ளெலும்பின் சுவரைத் துளைத்து நரம்பைத் தொடுகிறதா என்பதைச் சிடிதான் சொல்லும். இங்கெல்லாம் உடல் ஒரு குறிப்பிட்ட கேள்வியை முதலில் எழுப்புகிறது, படம் அதற்குப் பதில் சொல்கிறது. வெறுமனே வலி இருக்கிறது என்பதற்காக, முதல் சில வாரங்களில் எடுக்கும் படத்தில் நலமாக ஆறிவருபவருக்கும் வீக்கம் பிதுக்கம் போலத் தெரியும். அதைக் கண்டு பதறி மறுபடி திறப்பவர், பிறகு அந்த நோயாளியின் வலி தீராதபோது காரணங்களை எழுதும் தாளில் அந்த ஸ்கேனையும் எழுத வேண்டும். தோற்ற முதுகறுவை என்று வழங்கிவந்த பெயரை நீக்கி, நீடிக்கும் முதுகுத்தண்டு வலி என்று அழைக்க 2021இல் வலி மருத்துவர்கள் சிலர் முன்மொழிந்தார்கள். நோயாளியின் மேலும் கத்தியின் மேலும் பழி விழாதிருக்க அந்த மாற்றம் உதவும். ஆனால் எந்தப் படம், எந்த மருந்தோடு, எந்தக் கேள்விக்காக எடுக்கப்பட்டது என்ற பத்தி அந்த நோயாளிகளின் குறிப்பேடுகளில் இன்னும் தனியாக எழுதப்படுவதில்லை.